பட்டிக் காவலுக்கு பீகிள் ஆகுமா?

கேள்வி: ஐயா, ஆட்டுப் பட்டிக் காவலுக்கென்று ஒரு பீகிள் நாய்க்குட்டி வாங்கினேன். இப்போது ஒன்றரை வயது. பகலில் கட்டிவைத்து ராத்திரி அவிழ்த்துவிடுகிறேன். யார் வந்தாலும் வாலாட்டுகிறது. முயல் வாடை பட்டால் வேலியைத் தாண்டி ஓடிவிடுகிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை. கட்டிப்போட்டால் நாள் முழுக்க ஊளை. விற்றவர் ஷாக் காலர் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வாடையில் மூழ்கியிருக்கும் நாய்க்குக் கழுத்தில் ஷாக் அடித்தால் அது முயலை விட்டுவிடும் என்று நம்ப முடியாது. அந்த நேரம் பக்கத்தில் நிற்கிற ஆட்டையோ உங்களையோ பார்த்து மிரளவும் கூடும். அப்புறம் கூப்பிட்டால் எப்படி வரும்? காவல் நாய் என்று பொய் சொல்லி உங்கள் தலையில் கட்டியவரே இப்போது காலரையும் கட்டப் பார்க்கிறார். தாய் நாயைக் காட்டாத, அந்த இனம் எதற்கு வளர்க்கப்பட்டது என்று சொல்லாத ஆளிடம் இனி எதையும் வாங்காதீர்கள்.

பீகிள் இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கென்று வளர்த்தெடுத்த மோப்ப நாய். கூட்டமாக வாடை பிடித்து முன்னால் ஓடும், ஆட்கள் பின்னால் நடந்தே வருவார்கள், நாய்கள் எந்தப் பக்கம் போகின்றன என்பதை அந்த நீண்ட குரல்தான் சொல்லும். கூட்டத்தோடு ஒத்துப்போகிற குணம் பார்த்தே வளர்த்ததால் யாரிடமும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். உயரமே 15 அங்குலம்தான். அமெரிக்காவில் 1984 முதல் விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டியில் ஒளிந்திருக்கும் பழத்தையும் இறைச்சியையும் மோந்து பிடிப்பது இதே பீகிள்தான். பயிரைத் தாக்கும் பூச்சியும் நோயும் நாட்டுக்குள் வராமல் தடுக்கிற வேலை அது. சின்ன உருவம், சாதுவான குணம், யாரும் பயப்பட மாட்டார்கள் என்பதற்காகவே தேர்ந்தெடுத்தார்கள். அதைப் போய்த் திருடனை மிரட்டச் சொன்னால் எப்படி?

பகலெல்லாம் கயிற்றில் கிடக்கிற நாய்க்கு மூக்கு வேலை எங்கே என்றுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். முதலில் தட்டில் தீனி வைப்பதை நிறுத்துங்கள். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள், ஆனால் பீகிள் வளர்ப்பில் இதைவிடப் பெரிய விஷயம் எனக்குத் தெரிந்து இல்லை. நாளைய தீனியை இன்றே அளந்து எடுத்து, பாதியைப் புல்லில் தூவித் தேட விடுங்கள். மீதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மார்புப் பட்டையில் பத்து மீட்டர் கயிறு கட்டி வேலியோரமாகக் கூட்டிப்போங்கள். மோந்துகொண்டே போகட்டும், இழுக்காதீர்கள்; தானாகத் தலை தூக்கி உங்களைப் பார்க்கிற அந்த நொடியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்ததும் ஒரு வாய் கொடுங்கள். தினமும் காலை மாலை இதைச் செய்தால், கூப்பிட்டதும் வருகிற பழக்கம் அங்கேதான் பிடிபடும். பீகிளுக்குப் பசி அடங்கவே அடங்காது, அளந்து கொடுப்பதால் உடம்பும் பெருக்காது. இவ்வளவு செய்தாலும் வேலியில்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

ஊளை தனிமையால் வருவது. ராத்திரி வீட்டுக்குள் உங்கள் பக்கத்தில் படுக்கட்டும், பகலில் நீங்கள் வேலை செய்யும் இடத்துக்குக் கூடவே வரட்டும். பட்டிக்கு நல்ல வேலி போடுங்கள், நாய்தான் வேண்டுமென்றால் மந்தைக் காவலுக்கே வளர்க்கும் பெரிய இனத்தைப் பாருங்கள்.

தொங்கு காது என்பதால் நனைந்தால் துடைத்துவிடுங்கள், உள்ளே நாற்றம் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். எலி மருந்து வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். இந்த மூக்குக்கு எங்கே ஒளித்தாலும் தெரியும். புரோமாடியோலோன் என்கிற எலி மருந்துக் கட்டியைத் தின்றுவிட்டால் ரத்தக்கசிவு தெரிய சில நாள் ஆகலாம், அதுவரை நாய் நன்றாகவே இருக்கும். காத்திருக்காமல் மருந்து உறையையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள், வைட்டமின் கே1 நேரத்தோடு கொடுத்தால் பிழைக்க வைக்கலாம்.