கசெட் செட்டைக் கழற்றலாம், வயரை வெட்டாதீர்கள்

கேள்வி: கனடா போன மாமா தன்னுடைய 1991ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டரை (மாஸ்டா செய்த, கூரை மடிக்கும் கார்) எனக்குத் தந்துவிட்டுப் போனார். ஜப்பானிலிருந்து வந்தபோது இருந்த கசெட் செட்தான் இன்னும் அதில் இருக்கிறது. கசெட் சுற்றுகிறது, சத்தம் வருவதில்லை. வானொலியில் ஒன்றிரண்டு நிலையங்களுக்கு மேல் பிடிக்காது. போனிலிருந்து பாட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கடையில் கேட்டால், பத்து அங்குல ஆண்ட்ராய்ட் திரை போடலாம், நடுப்பலகையைக் கொஞ்சம் வெட்ட வேண்டும் என்கிறார்கள். கதவு ஸ்பீக்கர்களையும் மாற்றச் சொல்கிறார்கள், சத்தத்தைக் கூட்ட ஒரு அம்பும் (அம்பிளிபயர்) போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது? – வெள்ளவத்தை வாசகர்

பதில்: தம்பி, பலகையை வெட்ட விடாதீர்கள். திரையும் வேண்டாம். புளூடூத், யூஎஸ்பி உள்ள, நல்ல பெரிய திருகுக் குமிழ் கொண்ட ஒற்றை டின் (கார் செட்களின் வழக்கமான சிறிய அளவு) செட் ஒன்று உங்களுக்குப் போதும். மாமாவின் பழைய செட்டை எறியவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பை ஒன்றோடு பெட்டியில் போட்டு அலுமாரியில் வையுங்கள்.

வெட்டுவதை நான் இவ்வளவு கடுமையாகத் தடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025இல்தான். திறந்த பிறகும் முப்பது வயதைக் கடந்த ஒரு ரோட்ஸ்டர் இந்த நாட்டுக்குள் சுலபமாக வரப்போவதில்லை. அந்தக் காரின் நடுப்பலகை உடைந்தால் இன்னொன்றைக் கொழும்பின் பழைய உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் தேடி அலைய வேண்டிவரும். மாஸ்டா நிறுவனமே 2017இல் முதல் தலைமுறை ரோட்ஸ்டர்களைப் புதுப்பித்துக் கொடுக்கும் திட்டத்தை ஜப்பானில் அறிவித்தது. அந்தக் காரை யார் எப்படி மதிக்கிறார்கள் என்பதற்கு அது ஒரு அளவு. பலகையில் ஒருமுறை கத்தி பட்டால் அது பட்டதுதான்.

திரை விஷயத்துக்கு வருவோம். உங்கள் காரில் செட்டுக்கு நேர் மேலே இரண்டு உருண்டைக் காற்றுத்துவாரங்களும், அவற்றுக்கு நடுவே அபாய விளக்கின் (ஹசாட்) சுவிட்சும், முன்விளக்குகளை மேலே தூக்கும் சுவிட்சும் இருக்கின்றன. பத்து அங்குலத் திரை ஒன்றை முன்னால் தொங்கவிட்டால் இவை மறைந்துபோகும். கூரையை மடித்துவிட்டு நண்பகலில் கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் வீதியில் போனால் அந்தத் திரையில் வெயிலைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதுபோக, கூரை துணியாலானது. அதைக் கிழிக்க ஒரு பிளேட் போதும் என்பதால், வெளியிலிருந்து பார்ப்பவனை இழுக்கிற எதையும் உள்ளே வைக்கக்கூடாது. முகப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய ஒற்றை டின் செட் இந்தக் காருக்கு ஏற்றது. பழைய காலத்துத் தோற்றமே வேண்டுமென்றால் புளோபுங்ட், கொன்டினென்டல் போன்ற நிறுவனங்கள் உள்ளே புளூடூத்தும் வெளியே எண்பதுகளின் முகமுமாகச் செட்கள் செய்திருக்கின்றன. விலை கூடத்தான். ஆனால் அந்தப் பலகையில் அவை பொருந்தி நிற்கும் அழகே வேறு.

ஒற்றை டின் என்பது 180 மில்லிமீற்றர் அகலம், 50 மில்லிமீற்றர் உயரம். இரட்டை டின்னின் உயரம் 100. உங்கள் பலகையில் ஏறக்குறைய இரண்டுக்கு இடம் இருக்கும். புதிய செட்டை மேலே போட்டு, கீழே சிறு பெட்டி ஒன்றை வைத்தால் போன் வைக்கவும் இடம் கிடைக்கும். சீடி இல்லாத செட்கள் ஆழம் குறைந்தவை. பின்னால் வயர்களை நெருக்காமல் மடித்து வைக்கலாம் என்பதால் நான் அவற்றையே விரும்புவேன்.

இப்போது வானொலி. உங்கள் செட்டில் ஒன்றிரண்டு நிலையங்களே பிடிப்பதற்குச் செட் பழுதாகியிருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் செட் செய்த காலத்தில் ஜப்பானில் எப்.எம். அலைவரிசை 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை இருந்தது. இங்கே 87.5 முதல் 108 வரை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுவது அந்தச் சிறு துண்டில் மட்டுமே. இதற்காக அலைமாற்றி என்று சிறு பெட்டி ஒன்று விற்கிறார்கள். அன்ரெனா வயருக்கும் செட்டுக்கும் நடுவே அதைப் பூட்டினால் நமது அலைகளைக் கீழே இறக்கிக் கொடுக்கும். 16 மெகாஹேர்ட்ஸ் இறக்குகிற பெட்டி என்றால், 104இல் வரும் நிலையம் உங்கள் செட்டில் 88இல் பேசும். ஆனாலும் ஜப்பானியச் செட்டின் அகலமே 14 மெகாஹேர்ட்ஸ்தான். ஆகவே 92 முதல் 106 வரை பிடிக்கும், மேலும் கீழும் உள்ளவை வெளியே நின்றுவிடும். புதிய செட் வாங்கும்போது இதை மறக்க வேண்டாம். ஜப்பானிலிருந்து கழற்றி வந்த ரீகண்டிஷன் செட்கள் பஞ்சிகாவத்தையில் மலிவாகக் கிடைக்கும். பளபளப்பாகவும் இருக்கும். அவற்றிலும் இதே குறை உண்டு. பின்னாளில் வந்தவை பெரும்பாலும் 95க்குக் கிட்ட நின்றுவிடும். சில வகைகள் பற்றரியைக் கழற்றி மாட்டியதும் பூட்டிக்கொண்டு, கடவு எண்ணையோ, ஜப்பானிய வரைபட அட்டையையோ கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் அந்தச் செட்டால் பயனில்லை. ஆகவே புதிதாக, 108 வரை போகும் செட்டாகப் பார்த்து வாங்குங்கள். கடையில் அதைப் பற்றரியில் போட்டு 108 வரை ஓடவிட்டுப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.

பெட்டியில் ‘50 வாட் நான்கு’ என்று பெரிதாக எழுதியிருப்பதை வைத்துச் செட்களை ஒப்பிடாதீர்கள். அது ஒரு கணநேர உச்சம். காரின் 14 வோல்ட் மின்சாரத்தில் 4 ஓம் (மின்தடையின் அலகு) ஸ்பீக்கருக்கு உள்ளமைந்த அம்பு தொடர்ந்து கொடுக்கக்கூடியது 20 வாட்டுக்கு முன்பின்னாகவே இருக்கும். எந்த நிறுவனம் செய்தாலும் மின்சாரத்தின் கணக்கு அதுதான்.

அடுத்தது வயரிங். பெரும்பாலான கார்களைக் கெடுப்பது இந்த இடம்தான். பழைய செட்டின் பின்னால் காரின் சொக்கெற் வந்து செருகியிருக்கும். அவசரக்காரர்கள் அந்தச் சொக்கெற்றைக் கத்தரித்துவிட்டு, வயர்களை ஒன்றோடொன்று முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். கொழும்பின் சூட்டில் டேப்பின் பசை உருகி, சில மாதங்களில் டேப் தானாக அவிழும். வெள்ளவத்தைக் கடல்காற்று செம்பைப் பச்சையாக்கும். பிறகு ஒரு நாள் வலப்பக்கம் பாடும், மறுநாள் பாடாது. இதற்குப் பதிலாக, ஒரு முனை மாஸ்டா சொக்கெற்றுக்கும் மறுமுனை புதிய செட்டுக்கும் பொருந்தும் இடைவயரை வாங்குங்கள். கிடைக்காவிட்டால், உடைத்த பழைய மாஸ்டா செட் ஒன்றின் பின்பக்கச் சொக்கெற்றை மட்டும் வாங்கி, அதில் புதிய செட்டின் வயர்களை ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள். காரின் பக்கம் ஒரு வயரும் அறுபடாது. நாளைக்கு மாமாவின் செட்டைத் திரும்பப் போட விரும்பினால் ஒரு செருகலோடு வேலை முடியும்.

கார் நிறுவனம் போடாமல் கடையில் தனியாக வாங்கும் செட்களில் வயர் நிறங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மஞ்சள் எப்போதும் மின்சாரம் இருக்கும் வயர், நினைவகத்துக்கும் முக்கிய மின்சாரத்துக்கும். சிவப்பு, சாவியைத் திருப்பினால் வரும் மின்சாரம். கறுப்பு எர்த். வெள்ளையும் சாம்பலும் முன் இடம், முன் வலம். பச்சையும் ஊதாவும் பின் இடம், பின் வலம். அதே நிறத்தில் கறுப்புக் கோடு இருந்தால் அது மைனஸ். ஆனால் இது செட்டின் பக்கத்து நிறம். காரின் பக்கத்து நிறங்கள் வேறு. ‘மஞ்சளுக்கு மஞ்சள்’ என்று ஒருவரும் கொடுக்கக்கூடாது. மல்ரிமீற்றரால் ஒவ்வொன்றாக அளந்தே பூட்ட வேண்டும். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் ஒவ்வொரு முறை சாவியைக் கழற்றும்போதும் செட் எல்லாவற்றையும் மறக்கும். இரண்டையும் சேர்த்து எப்போதும் மின்சாரம் வரும் இடத்தில் கொடுத்தால் செட் அணையாமல் பற்றரியைக் குடிக்கும். ஸ்பீக்கரின் மைனஸ் வயர் காரின் உடம்பில் எங்கும் தொடக்கூடாது. இன்றைய செட்கள் இரண்டு வயரிலும் பாட்டின் மின் சைகையை அனுப்புகின்றன. ஒன்று எர்த்தில் பட்டால் உள்ளே இருக்கும் அம்பு எரிந்துவிடும்.

இதே கேள்வியை இன்னும் பழைய பிரித்தானியக் கார் வைத்திருப்பவர்களும் மனதில் வைத்திருந்தால் ஒரு சொல்: 1967க்கு முற்பட்ட எம்ஜிபி போன்றவற்றில் பற்றரியின் பிளஸ்தான் எர்த். இன்றைய செட்டை அதில் நேராகப் பூட்டினால் அந்த நொடியிலேயே போய்விடும்.

கழற்றும் வேலையைத் தொடங்கும் முன் பற்றரியின் மைனஸைக் கழற்ற வேண்டும். உங்கள் காரில் பற்றரி டிக்கிக்குள் இருக்கிறது. யாராவது சாதாரணப் பற்றரி போட்டிருந்தால், அதன் வாயுவை வெளியே விடும் சிறு குழாய் பூட்டியிருக்கிறதா என்று அப்படியே பார்த்துவிடுங்கள். மூடிய டிக்கியில் ஹைட்ரஜன் தேங்குவது ஆபத்து. பிறகு கியர் குமிழைத் திருகிக் கழற்றி, நடுப்பெட்டியை எடுத்து, அந்த உருண்டைத் துவாரங்களை மெதுவாக நெம்பி வெளியே எடுத்தால் அவற்றின் பின்னால் பலகையின் ஸ்குரூக்கள் தெரியும். முப்பது வருடப் பிளாஸ்டிக் என்பதால் இந்தத் துவாரங்களில்தான் எல்லோரும் உடைக்கிறார்கள். இரும்பு ஸ்குரூ டிரைவரை வைத்து நெம்புகிற மெக்கானிக் பாஸிடம் காரைக் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் நெம்பி வைத்திருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். பலகையை இழுக்கும்போது சுவிட்சுகளின் சொக்கெற்றுகள் பின்னால் பிடித்துக்கொண்டிருக்கும், அவற்றையும் கழற்ற வேண்டும். மஞ்சள் உறை போட்ட வயர்கள் ஏதும் கண்ணில் பட்டால் அவை ஏர்பேக்குக்கு உரியவை, அவற்றில் மீற்றரைக்கூட வைக்கக்கூடாது.

ஸ்பீக்கர்களை உடனே மாற்ற வேண்டாம். முதலில் புதிய செட்டைப் பூட்டிக் கேளுங்கள். குறைந்த சத்தத்திலேயே கரகரப்பு இருந்தால் கூம்பின் ஓரத்து நுரை உதிர்ந்திருக்கும், அப்போது மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது விட்டத்தைவிட ஆழத்தைக் கவனியுங்கள். கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, அது எவ்வளவு தூரத்தில் வந்து நிற்கிறது என்று அளந்த பிறகே கடைக்குப் போங்கள். மீற்றரை வைத்தால் 4 ஓம் ஸ்பீக்கர் மூன்று, மூன்றரைக்குக் கிட்டக் காட்டும், அது சரிதான். ஒன்று, ஒன்றரை காட்டினால் நிறுத்துங்கள். அந்தக் காலத்து போஸ் நிறுவன வகைகள் போன்ற குறைந்த ஓம் ஸ்பீக்கர்களைச் செட்டோடு நேரே இணைக்கக்கூடாது. சில ரோட்ஸ்டர்களில் இருக்கையின் தலையணையிலும் ஸ்பீக்கர் இருக்கும். கூரையைத் திறந்து ஓடும்போது பாட்டுத் தெளிவாகக் கேட்பதே அவற்றால்தான், அவற்றைக் கைவிடாதீர்கள். ஒன்றரை வோல்ட் டோர்ச் பற்றரியை ஒரு கணம் தொட்டுப் பார்த்தால், பிளஸ் பிளஸில் பட்டபோது கூம்பு வெளியே தள்ளும். எல்லா ஸ்பீக்கரும் ஒரே திசையில் தள்ள வேண்டும். ஒன்று மாறினால் கனத்த அடிச்சத்தம் (பாஸ்) காணாமல் போகும்.

கதவின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்துவிட்டு ஸ்பீக்கர் போடுகிறவர்கள் உண்டு. கண்ணாடி ஓரத்தால் வழியும் மழைத்தண்ணீரைத் தடுப்பது அந்தத் தாள்தான். திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளும் திறந்திருக்க வேண்டும்.

எல்லாம் பூட்டிய பிறகு இன்ஜினை ஏற்றி இறக்கிப் பாருங்கள். இன்ஜினோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு கீச்சுச் சத்தம் வந்தால், எர்த் சரியில்லை. பெயின்ற் சுரண்டிய இரும்பில் செட்டின் கறுப்பு வயரை இறுக்கினாலே அநேகமாக அது நின்றுவிடும். பியூஸ் எரிந்தால் ஏன் எரிந்தது என்று தேடுங்கள், பெரிய பியூஸ் போடாதீர்கள். கடைசியாக, சாவியை எடுத்த நிலையில் பற்றரியின் மைனஸில் மீற்றரைத் தொடராக வைத்து, டிக்கி விளக்கு இருந்தால் பல்பைக் கழற்றிவிட்டு, மின்சாரம் எவ்வளவு போகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். மீற்றர் பூட்டியிருக்கும்போது காரை ஸ்டார்ட் செய்யக்கூடாது. 50 மில்லி அம்பியருக்குள் இருந்தால் நிம்மதி. 200 என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 அம்பியர் மணி போகிறது. ரோட்ஸ்டரின் சின்னப் பற்றரி ஒரு வாரம் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற கார் என்றால் இந்த அளவீடு இல்லாமல் கராஜைவிட்டு வெளியே வராதீர்கள்.

அம்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். செட்டோடு இரண்டு மாதம் ஓடிப் பாருங்கள். மருதானை நெரிசலில் போதுமாக இருந்து, அதிவேக வீதியில் மட்டும் காற்றை மீறிக் கேட்கவில்லை என்றால், நான்கு சனல் உள்ள சிறிய அம்பு ஒன்றை இருக்கைக்குப் பின்னால் ஒளித்துப் போடலாம். பற்றரி டிக்கியிலேயே இருப்பதால் மின்வயரும் நீளாது. பற்றரியிலிருந்து ஓர் அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும், சைகை வயர் காரின் மறுபக்கத்தால் வர வேண்டும். அதற்காக இப்போதே செட் வாங்கும்போது பின்னால் அம்புக்குச் சைகை கொடுக்கும் ஆர்சிஏ வெளியீடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.