பாய்மரக் கம்பிக்கு 3,720 பவுண்டு: சேமிப்பில் கை வைக்கலாமா?

கேள்வி: சவுத்தாம்ப்டனில் இருக்கிறேன், வயது 52. என் தாத்தா வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் ஓட்டியவர். அந்த ஆசை விடாமல், ஐந்து வருடத்துக்கு முன் 33 அடி பழைய பாய்ப்படகு ஒன்றை 16,000 பவுண்டுக்கு வாங்கினேன். பாய்மரத்தை இழுத்துப் பிடித்திருக்கும் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் கம்பிகளைக் கடைசியாக மாற்றியது 2008-ல் என்று பழைய ரசீது சொல்கிறது. இன்னும் ஆறு மாதத்தில், ஏப்ரலில், காப்புறுதியைப் புதுப்பிக்க வேண்டும். கம்பிகளை மாற்றாமல் பாய்மரம் விழுந்தால் பணம் தர முடியாது என்று கம்பெனி எழுதிவிட்டது. பாய்மரமும் கம்பிகளும் பூட்டும் தொழிலாளியான ரிக்கர் கொடுத்த கணக்கு: கம்பிகளும் முனைப்பூட்டுகளும் 1,750, கூலி 900, பாய்மரத்தை இறக்கி ஏற்ற கிரேன் 450, வாட் வரி 620. மொத்தம் 3,720 பவுண்டு. சேமிப்பு 6,500 இருக்கிறது, குடும்பச் செலவு மாதம் 2,400. கிரெடிட் கார்டில் போட்டு மாதம் 120 கட்டலாமா? சேமிப்பை எடுக்கலாமா? இல்லை, இன்னும் இரண்டு வருடம் இப்படியே ஓட்டலாமா? மனைவி படகையே விற்கச் சொல்கிறார்.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்படியே ஓட்டாதீர்கள். கயிறு நைந்தால் கண்ணுக்குத் தெரியும். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் வெளியே பளபளவென்று இருக்கும். கீழ் முனையில், கம்பி பூட்டுக்குள் நுழையும் இடத்தில், உப்புத் தண்ணீர் தேங்கி உள்ளேயே அரித்துக்கொண்டிருக்கும். மெல்லிய விரிசல் விட்டு ஒருநாள் பட்டென்று போகும். ஒரு பக்கக் கம்பி போனால் பாய்மரமே சாயும். புது பாய்மரம், கம்பிகள், கிழிந்த பாய் எல்லாம் சேர்த்தால் உங்கள் அளவுப் படகுக்குப் பத்தாயிரம் பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். காப்புறுதியும் இல்லையென்றால் 16,000 பவுண்டுப் படகில் அந்தச் செலவு செய்ய யாருக்கும் மனசு வராது. ஆளுக்கு அடிபடுவதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சரி, பணம் எங்கிருந்து? கார்டு வட்டி எவ்வளவு என்று எழுதவில்லை. 24.9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மாதம் 120 கட்டி முடிக்கக் கிட்டத்தட்ட நான்கு வருடம் ஆகும். வட்டி மட்டும் 1,900 பவுண்டு அளவில் வரும். இன்னொரு அரை செட் கம்பியை வங்கிக்கு வாங்கிக் கொடுத்த மாதிரி. மொத்தத்தையும் சேமிப்பிலிருந்து எடுத்தால் மிச்சம் 2,780, ஒரு மாதச் செலவுக்குச் சற்று மேல். 52 வயதில் வேலைக்கு ஏதாவது ஆனால் அது எந்த மூலைக்கு?

உங்களுக்கு இருக்கும் நல்ல வசதி அந்த ஆறு மாதம்தான். குளிர்காலம் முழுக்கப் படகு கரையில் நிற்கட்டும். மாதம் 350 பவுண்டு ஒதுக்கினால் 2,100 சேரும். மீதி 1,620-ஐ மட்டும் சேமிப்பிலிருந்து எடுங்கள். 350 முடியாதென்றால் ஒரு கோடையைத் தியாகம் செய்து படகைக் கரையிலேயே வைத்திருங்கள். கரையில் நிற்கும் படகுக்கு மட்டும் காப்புறுதி எடுத்தால் பிரீமியமும் பெரும்பாலும் குறையும். கடன் வாங்கிக் கடலுக்குப் போவதைவிட இது எவ்வளவோ தேவலை.

ஆனால் 3,720-இல் கணக்கு முடியும் என்று நினைக்காதீர்கள். முன்கம்பி, பாயைச் சுருட்டும் ஃபர்லர் குழாய்க்குள் ஒளிந்திருக்கும். அதைக் கழற்றி மாட்டும் கூலி இந்தத் தொகையில் உண்டா என்று கேளுங்கள். பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கம்பிகளைப் படகின் உடலோடு பிணைக்கும் உலோகத் தகடுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அவை அரித்துப் போயிருந்தால் புதுக் கம்பி போட்டுப் பயனில்லை. பாய்மரம் கீழே கிடக்கும்போதே உச்சி விளக்கு, ரேடியோ வயர், கப்பிகள் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள், கிரேனுக்கு ஏற்கனவே காசு கொடுத்தாயிற்றே. இதற்கெல்லாம் 560 பவுண்டு தனியாக வையுங்கள். அதுவும் செலவானால் சேமிப்பில் 4,320 நிற்கும், இரண்டு மாதச் செலவுக்குக் கொஞ்சம் குறைவு. விருப்பமான நிலை இல்லை, ஆனால் தாங்கும்.

செலவைக் குறைக்க ஒரு வழி: கம்பிகளை முறுக்கி இறுக்கும் திருகுகளின் உடல் வெண்கலமாக இருந்து, மரையும் நன்றாக இருந்தால், அவற்றைத் திரும்பப் பயன்படுத்த முடியுமா என்று ரிக்கரிடம் கேட்கலாம். பாய்மரத்தை இறக்காமல், ஒவ்வொரு கம்பியாகத் தானே மாற்றுகிறவர்களும் உண்டு. கூலி, கிரேன், அவற்றின் வாட் சேர்த்து 1,620 பவுண்டு மிச்சம் என்று ஆசையாக இருக்கும். ஆனால் கையால் பூட்டும் முனைகளின் விலை அதிகம். காப்புறுதிக் கம்பெனி ரிக்கரின் ரசீதைக் கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? இந்த வருடத்தில் பாதி, அடுத்த வருடத்தில் பாதி என்று பிரிப்பதும் வேண்டாம். கிரேனுக்கு இரண்டு தடவை அழ வேண்டும்.

கார்டை முற்றிலும் ஒதுக்கவும் சொல்லமாட்டேன். முன்பணத்தை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், மாத முடிவில் முழுதாக அடைத்துவிடுங்கள். 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி, விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000-க்குள் இருந்தால், ஒரு பகுதியைக் கார்டில் கட்டினாலே முழு வேலைக்கும் கார்டு நிறுவனமும் பொறுப்பு. முன்பணம் வாங்கிய கடை மூடிப்போனால் இது கைகொடுக்கும்.

மனைவி சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் 1938-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பலைக் கட்டி அனுப்பிய வல்வெட்டித்துறை ஊர்க்காரரிடம் படகை விற்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்று மட்டும்: ஒரு வருடத்துக்குள் விற்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால் இந்த வேலையைச் செய்யாதீர்கள். புதுக் கம்பிக்குப் போட்ட பணம் விலையில் முழுதாகத் திரும்பாது. ரிக்கரின் கணக்கைக் காட்டி, அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கொடுத்துவிடலாம்.

வைத்திருப்பதாக முடிவு செய்தால், அடுத்த தடவை கம்பி மாற்றும் செலவுக்காக, இப்போது மாற்றிய மாதத்திலிருந்தே மாதம் 31 பவுண்டு தனிக் கணக்குக்குப் போகும்படி வங்கியில் சொல்லிவையுங்கள். 3,720-ஐப் பத்து வருடத்துக்கு, அதாவது 120 மாதத்தால் வகுத்தால் வருவது அதுதான். விலை ஏறும் என்பதால் 40 ஆக்கினால் இன்னும் நல்லது. அந்தக் கணக்கின் அட்டையை மட்டும் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.