வகுப்பின் இணையப்பக்கத்தில் எதைக் காட்டுவது?

கேள்வி: சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருக்கிறேன். தொடக்கநிலை 4 மாணவர்களுக்காகக் கூகல் சைட்ஸில் ஓர் இணையப்பக்கம் நடத்துகிறேன். நடவடிக்கைப் படங்கள், பாடல்கள், பயிற்சித்தாள்கள் எல்லாம் போடுகிறேன். பெற்றோர் பார்ப்பதாகத் தெரியவில்லை. பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில், "பிள்ளை தமிழில் எப்படி?" என்றுதான் கேட்கிறார்கள். என்ன மாற்றம் செய்யலாம்?

பதில்: அந்தப் பெற்றோர் மீது வருத்தப்படாதீர்கள். பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு இப்போது வழி குறைவு. தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் 2019 முதல் மதிப்பெண் தேர்வுகள் இல்லை. 2023 முதல் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளில் எந்த நிலையிலும் அரையாண்டுத் தேர்வு இல்லை. நல்ல முடிவுதான், ஆனால் மே மாதத்தில் ஒரு மதிப்பெண்ணைப் பார்த்து நிம்மதியோ கவலையோ அடைந்துகொண்டிருந்த குடும்பத்துக்கு அந்த இடம் காலியாகிவிட்டது. பொங்கல் பானைக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளின் படம் அதை நிரப்பாது. வகுப்பில் என்ன நடந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. பிள்ளை நேற்றுச் செய்ய முடியாத எதை இன்று செய்கிறது என்பதை அது சொல்வதில்லை.

ஆகவே பக்கத்தில் முடிந்த வேலையை மட்டும் போடாமல், மாறிய வேலையைப் போடுங்கள். கட்டுரையின் ஒரு பத்தி போதும். முதல் வரைவில் மாணவர், "மழை பெய்தது. எனக்குப் பயமாக இருந்தது" என்று எழுதியிருக்கிறார். வகுப்பில் பேசிய பிறகு அதே மாணவர், "இடிச் சத்தம் கேட்டதும் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்" என்று எழுதுகிறார். இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். கீழே மாணவரின் வாயாலேயே ஒரு வரி: "பயம் என்று சொல்லாமல், பயந்தவர் என்ன செய்வார் என்று எழுதினேன்." இதைப் படிக்கும் தந்தைக்கு அந்த வாரத்துப் பாடம் புரிந்துவிடும். மாணவருக்கும் தாம் எதில் முன்னேறினோம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்த கட்டுரைக்கு அவரே அந்த அளவுகோலை எடுத்துக்கொள்வார். அந்த ஒரு வரியை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் தடுமாற்றத்தோடு வந்தாலும் அது பிள்ளையின் சொல்லாக இருக்கட்டும்.

எப்போதும் வகுப்பின் மிகச் சிறந்த கட்டுரையையே தேர்ந்தெடுக்காதீர்கள். அது பரிசளிப்பு விழாவாகிவிடும். மற்ற இருபது வீடுகளும் ஒதுங்கிக்கொள்ளும். ல, ள, ழ ஒலிகளில் தடுமாறிக்கொண்டிருந்தவர் ஒரு பத்தியைத் தெளிவாக வாசித்தால், அவருடைய முன், பின் ஒலிப்பதிவுகள் எந்தக் கட்டுரைக்கும் குறைந்தவை அல்ல. தமிழில் பேச்சுத்திறனை வீட்டாருக்குக் காட்ட ஒலியைவிட நல்ல வழி கிடையாது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் காணொளியைப் பார்த்து உரையாட வேண்டியிருப்பதால், பெற்றோரும் இதில் ஆர்வம் காட்டுவார்கள்.

அடுத்து, வீட்டில் கேட்பதற்கு ஒரு கேள்வி. "இன்று பள்ளியில் என்ன படித்தாய்?" என்றால் "ஒன்றுமில்லை" என்ற பதில் எல்லா வீடுகளிலும் தயாராக இருக்கிறது. "கடைக்குப் போனேன், கடையில் நின்றேன், கடையிலிருந்து வந்தேன்: இந்த மூன்றிலும் 'கடை' ஏன் மாறுகிறது?" என்று கேட்கச் சொல்லுங்கள். தாத்தா பாட்டியும் இதில் கலந்துகொள்ளலாம். அவர்களுக்கு இலக்கணப் பெயர் தெரியாவிட்டாலும் விடை தெரியும்.

பெற்றோர் பார்க்காததற்கு மொழியும் காரணமாக இருக்கலாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றார்கள். தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. தமிழ் கேட்டால் புரியும், வாசிக்கத்தான் சிரமம் என்ற பெற்றோர் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். வாரத்தின் கருத்தை உங்கள் குரலில் அரை நிமிடம் பதிவுசெய்து மேலே வையுங்கள். ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்ப்பதால் தமிழ்ப் பக்கத்தின் கற்பு கெட்டுவிடாது. இதில் சக ஆசிரியர்கள் சிலர் என்னோடு உடன்பட மாட்டார்கள். பார்க்கப்படாத தூய பக்கத்தைவிடப் பார்க்கப்படும் பக்கமே எனக்கு மேல்.

பக்கத்தைத் தேடி வருவார்கள் என்று காத்திருக்கவும் வேண்டாம். பள்ளி அனுமதித்தால், பள்ளி பெற்றோருக்குத் தகவல் அனுப்பும் பேரண்ட்ஸ் கேட்வே செயலி வழியாக அறிவிப்போடு இணைப்பை அனுப்பலாம். மாணவர் கற்றல் தளத்தில் உள்ள பயிற்சிகளை மறுபடியும் இங்கே ஏற்றுவது வீண் வேலை. அது மாணவர் உள்நுழைந்து பயிலும் இடம். உங்கள் பக்கம் வீட்டாருக்கான சாளரம்.

இப்போது கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. பக்கத்தைத் தொடர்வதற்கு முன் தாய்மொழித் துறைத் தலைவரிடம் பேசி, பள்ளி ஏற்றுக்கொண்ட கணக்கில்தான் அது இயங்குகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். 2012-ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொதுத்துறை அமைப்புகளுக்குப் பொருந்தாது என்பது உண்மை. அதனால் அரசுப் பள்ளிக்குக் கட்டுப்பாடே இல்லை என்று பொருளல்ல; பொதுத்துறைக்கென்று 2018-இல் வந்த சட்டமும் அரசாங்கத்தின் உள்விதிகளும் இருக்கின்றன. நடைமுறையில், முகமும் முழுப்பெயரும் வேண்டாம். சட்டையில் தைத்த பெயர்ப்பட்டை படத்தில் விழுகிறதா என்று பாருங்கள். கையெழுத்துப் பிரதிகளில் பெயரை மறைத்துவிடுங்கள். குரலும் அடையாளம்தான், மாணவர் ஒலிப்பதிவைப் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு, உள்நுழைவு தேவைப்படும் பக்கத்தில் மட்டும் வையுங்கள். "இதைப் போடலாமா?" என்று பிள்ளையிடமும் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆண்டிறுதியில் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்பீர்கள். பாடல்களையும் பயிற்சித்தாள்களையும் ஏற்றுவதை நிறுத்தினாலே பாதி நேரம் மிஞ்சும். இரண்டு வாரத்துக்கு ஒரு மாற்றம், ஒரு கேள்வி போதும். பத்து வாரத் தவணையில் ஐந்து பதிவுகள். இரண்டாவது பதிவிலிருந்து தேர்ந்தெடுக்கும் வேலையை மாணவர் இருவரிடம் கொடுங்கள். எது முன்னேற்றம் என்று அவர்கள் வாதாடும்போது நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள். அடுத்த பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.