பெயிண்ட் பூசிய இரும்புக் கேட் ஆறே மாதத்தில் ஏன் மீண்டும் துருப்பிடிக்கிறது?

கேள்வி: வீட்டு முன்வாசலில் உள்ள இரும்புக் கேட்டுக்குச் சென்ற ஆண்டுதான் புதிதாக எனாமல் பூசினோம். ஆறு மாதத்திற்குள் கீழ்ப்பகுதியில் பெயிண்ட் கொப்பளித்து, பழுப்பு நீர் வழியத் தொடங்கிவிட்டது. துருவை மாற்றும் திரவம் ஒன்று கிடைக்கிறது, அதைப் பூசிவிட்டால் சுரண்டவே வேண்டியதில்லை என்கிறார்கள். உண்மையா? சனி, ஞாயிறு இரண்டு நாளில் நானே செய்து முடிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும்; கடைசிப் பூச்சு மட்டும் அடுத்த வாரத்திற்குத் தள்ளிப்போகலாம். ஆனால் அந்த இரண்டு நாளில் பெரும்பகுதியைச் சுரண்டுவதற்கும் துடைப்பதற்கும் ஒதுக்க வேண்டியிருக்கும். பெயிண்ட் பூசும் நேரம் மிகக் குறைவு. சென்ற முறை இந்தக் கணக்கு தலைகீழாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் கேள்வியிலேயே ஒரு துப்பு இருக்கிறது. பெயிண்ட் தரமற்றதாக இருந்திருந்தால் கேட் முழுவதும் வெளிறியோ உரிந்தோ போயிருக்கும். கீழ்ப்பகுதி மட்டும் கெட்டிருக்கிறது என்றால் அங்கே நீர் தங்குகிறது என்றே கொள்ள வேண்டும். இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் போதும். உண்டாகும் துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலே இருக்கும் பெயிண்ட் படலத்தை உள்ளிருந்தே தள்ளித் தூக்குகிறது; நீங்கள் காணும் கொப்பளம் அதுதான். மேலும் துரு நுண்துளைகள் நிறைந்த பொருள் என்பதால் ஈரத்தைப் பஞ்சுபோல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன்மேல் எத்தனை விலையுயர்ந்த பெயிண்ட்டைப் பூசினாலும், ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகவே ஆகும்.

ஆகவே வேலையைத் தொடங்குமுன் ஒரு சிறிய சுத்தியலால் கீழ்ச்சட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்துப்போன இடம் மழுங்கிய ஓசை தரும். அத்தகைய இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்தினால் உள்ளே இறங்குகிறது என்றால், அது பெயிண்ட் வேலை அன்று; அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய துண்டை வெல்டிங் செய்ய வேண்டும். ஓட்டையில் பட்டி வைத்து மறைக்கும் வழக்கத்தை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. பட்டிக்குப் பின்னால் அரிப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும்; கண்ணுக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் வேறுபாடு.

கேட்டின் சட்டம் உள்ளீடற்ற குழாயாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேலே உள்ள வெல்டிங் இணைப்புகளின் ஊசித்துளைகள் வழியாக மழைநீர் உள்ளே நுழைந்து, கீழ்ச்சட்டத்தில் தேங்கி, குழாயை உட்புறத்திலிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளிப்புறத்தில் எவ்வளவு கவனமாகப் பூசினாலும் இந்த அரிப்பு நிற்காது. கீழ்ச்சட்டத்தின் அடிப்பக்கத்தில், மிகத் தாழ்வான இடத்தில், சுமார் 6 மி.மீ. அளவில் ஒரு துளையிடுங்கள். பழுப்பு நீர் வழிந்தால் குற்றவாளி அகப்பட்டான் என்று பொருள். அந்தத் துளையை அடைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, மேலேயுள்ள ஊசித்துளைகளை மட்டும் சீலன்ட் கொண்டு அடையுங்கள். கேட்டின் அடியில் மண்ணும் சருகும் குவிந்து சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றையும் அப்புறப்படுத்த வேண்டும்; ஈரமான சருகுக் குவியல், மழை நின்ற பிறகும் பல நாட்கள் இரும்பை நனைத்துக்கொண்டே இருக்கும்.

சுரண்டுவதில் ஒரு நற்செய்தி உண்டு: கேட் முழுவதையும் வெற்று இரும்பாக்க வேண்டியதில்லை. உறுதியாக ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பெயிண்ட்டை அகற்றாமல், பளபளப்பு போகும் அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்துவிட்டாலே புதிய பூச்சு அதன்மேல் பிடித்துக்கொள்ளும். கொப்பளித்த இடங்களில் மட்டும் சுரண்டியால் தளர்ந்த பகுதியை எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, 80 எண் உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை கொண்டு வந்து, பிறகு 120 எண் தாளால் பழைய பெயிண்ட்டின் விளிம்பைச் சரிவாக இழைக்க வேண்டும். விரலால் தடவும்போது படி தட்டக் கூடாது. கிரைண்டரில் கம்பிக் கிண்ணம் (கிண்ண வடிவக் கம்பி பிரஷ்) பொருத்தித் தேய்ப்பவர்கள் ஒரு தவறு செய்வதுண்டு: அது துருவை அகற்றுவதற்குப் பதிலாக மெருகேற்றிவிடும், பார்ப்பதற்கு உலோகம்போல் மின்னும் அந்தக் கரும்பழுப்புப் படலம் துருவேதான். அதன்மேல் உப்புத்தாளை ஒருமுறை ஓட்டினால் உண்மை தெரிந்துவிடும். கிரைண்டரிலிருந்து கம்பித் துணுக்குகள் தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணியாமல் அதைத் தொடவே வேண்டாம்.

கேட் பல பத்தாண்டுகள் பழையது என்றால் அடியில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்க வாய்ப்புண்டு. அந்நிலையில் உலர்வாகத் தேய்க்காமல், நீரில் பயன்படுத்தக்கூடிய உப்புத்தாளால் ஈரப்படுத்தித் தேய்ப்பது, நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி அணிவது, கீழே விரித்த ஷீட்டில் விழும் செதில்களைச் சேகரித்து அப்புறப்படுத்துவது, குழந்தைகளை அருகில் விடாமல் இருப்பது ஆகிய நான்கும் கட்டாயம்.

இப்போது அந்தத் திரவத்திற்கு வருகிறேன். துரு மாற்றிகளில் பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். அவை துருவுடன் வினைபுரிந்து அதைக் கருமையான, ஓரளவு நிலையான படலமாக மாற்றுகின்றன. பொய்யான பொருள் அன்று. ஆனால் அது தொடும் மேற்பரப்பை மட்டுமே மாற்றும். செதில் செதிலாகத் தடித்த துருவின்மேல் பூசினால் மேலடுக்கு கருக்கும், அடியில் உள்ளது அப்படியே இருக்கும். ஆகவே, தளர்ந்த துருவையெல்லாம் எடுத்த பிறகு, பிரஷ் எட்டாத குழிகளிலும் வெல்டிங் மூலைகளிலும் எஞ்சியிருப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். பளிச்சென்ற இரும்பில் பூச வேண்டாம். வினைபுரிய துரு இல்லாமல் மிஞ்சும் அமிலம், எனாமலுக்கு முன் பூசும் அடிப்பூச்சான பிரைமர் ஒட்டுவதைக் கெடுக்கும்.

சுரண்டி முடித்ததும் நீரால் துடைத்து, நன்கு உலரவிட்டு, தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் எண்ணெய்ப் பசையைப் போக்குங்கள். துணி அழுக்காகாமல் வரும்வரை துடைப்பது நல்லது. வெற்று இரும்பு ஓர் இரவு பனியில் நின்றாலே மெல்லிய துரு படர்ந்துவிடும் என்பதால், சனிக்கிழமை மாலைக்குள் பிரைமர் பூசியாக வேண்டும். அதற்கு முடியாதபடி வேலை மிஞ்சும் என்று தோன்றினால், கேட்டின் ஒரு பாதியை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரெட் ஆக்சைடு பிரைமர் எளிதில் கிடைப்பது, போதுமானதும்கூட. ஆனால் அதன் செந்நிறம் துருவைத் தடுக்கும் மருந்து என்று பலர் எண்ணுவது சரியன்று. அது இரும்பு ஆக்சைடு என்னும் நிறமிதான், ஈரத்தைத் தடுக்கும் திரையாக நிற்கிறது. துருவை மட்டுப்படுத்தும் தன்மை வேண்டுமெனில் ஜிங்க் பாஸ்பேட் உள்ள பிரைமரைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் கேட் நாகமுலாம் (துத்தநாகப் பூச்சு) பூசிய இரும்பால் ஆனது என்றால் வழி வேறு: எண்ணெய் சார்ந்த எனாமலை நேரடியாக முலாமின்மேல் பூசினால், துத்தநாகத்துடன் சேர்ந்து காலப்போக்கில் சோப்பு போன்ற அடுக்கு உண்டாகிப் பெயிண்ட் தாள்தாளாக உரியும். அதற்கென உள்ள தனிப் பிரைமரைத்தான் பயன்படுத்த வேண்டும்.

பூசும்போது ஓரங்களிலிருந்து தொடங்குங்கள். ஈரமான பெயிண்ட் கூர்மையான விளிம்பிலிருந்து விலகி ஓடும் இயல்புடையது. அதனால் பூச்சு மிக மெலிந்திருக்கும் இடம் எப்போதும் விளிம்புதான், துரு முதலில் எட்டிப்பார்ப்பதும் அங்கேதான். விளிம்புகள், வெல்டிங் இணைப்புகள், ஆணித் தலைகள் ஆகியவற்றுக்குச் சிறிய பிரஷ்ஷால் ஒருமுறை பூசிவிட்டு, அதன் பிறகு மொத்தக் கேட்டுக்கும் பூசுங்கள். சட்டத்தின் அடிப்பக்கம் நின்றால் தெரியாது. தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டை வைத்துப் பாருங்கள்.

மேலே எனாமலை இரண்டு மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். ஒரே தடித்த பூச்சு செங்குத்தான பரப்பில் வழிந்து, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் நிற்கும். காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டும் நாளிலும், காலைப் பனி உலருமுன்பும், கை வைக்க முடியாத அளவு இரும்பு சுடும் உச்சி வெயிலிலும் பூசாதீர்கள். ஞாயிறு காலை முதல் பூச்சு முடிந்தால், இரண்டாவதை அன்றே பூசலாமா என்பதை டப்பாவில் அச்சிட்டுள்ள இடைவெளி நேரம் தீர்மானிக்கட்டும். பெரும்பாலான எண்ணெய் எனாமல்களுக்கு ஓர் இரவு தேவைப்படுவதால், அடுத்த வாரத்திற்குத் தள்ளிவைக்க நேரலாம். இடைவெளி நீண்டுவிட்டால், டப்பா சொல்வதற்கேற்ப, மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுப் பூசுங்கள்.

கீல்களின் அச்சிலும் தாழ்ப்பாளின் நகரும் பகுதியிலும் பெயிண்ட் படாதபடி டேப் ஒட்டி, வேலை முடிந்ததும் அங்கே கிரீஸ் தடவுங்கள். எண்ணெய் சார்ந்த பெயிண்ட் துடைத்த துணிகளைக் கசக்கிக் குவித்துக் கார் ஷெட் மூலையில் போட வேண்டாம். உலரும்போது அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். திறந்தவெளியில் விரித்து, முழுவதும் உலர்ந்த பிறகே குப்பையில் சேருங்கள். அன்றிரவு கேட்டைத் தாழிட வேண்டியிருந்தால், சட்டமும் நிலையும் தொடும் இடத்தில் மெழுகுத்தாள் ஒன்றை வைத்துச் சாத்துங்கள். இல்லாவிட்டால் காலையில் திறக்கும்போது புதுப் பூச்சு நிலையோடு ஒட்டிக்கொண்டு உரிந்துவரும்.