கடலோர வீட்டுக் கொல்லையில் உள்ள தோட்ட ரயில் பாதையைத் தன்னார்வலர்களைக் கொண்டு பராமரிக்க முடியுமா?

முடியும். ஆனால் ஆள் சேர்ப்பதற்கு முன்பு வேலையை எப்படிப் பிரிப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மண்டபத்திற்கும் உச்சிப்புளிக்கும் இடையே, கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ள ஒரு வீட்டின் கொல்லையில், மாதிரி ரயில் ஓடும் ஏறத்தாழ 60 மீட்டர் நீளமுள்ள பாதை ஒன்றை நாங்கள் ஆறு பேர் நான்கு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறோம். அதை அமைத்தவர் ரயில்வேயில் பாதை பராமரிப்புக் குழுவில் கேங்மேனாகச் சேர்ந்து, பாதையை நடந்து சோதிக்கும் கீமேனாக ஓய்வு பெற்ற பெரியவர். முழங்கால் தேய்மானத்தால் அவரால் குனிய முடியாமல் போனபோது, பாதையைப் பிரித்து எடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அது எங்களுக்குத் தாங்கவில்லை. நேரில் போய்க் கேட்டு வேலையை ஏற்றுக்கொண்டோம்.

தாங்காததற்குக் காரணம் உண்டு. தோட்ட ரயிலில் இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் பெரும்பாலும் 45 மில்லிமீட்டர். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து லேமன் நிறுவனம் 1968-இல் எல்.ஜி.பி. என்ற பெயரில் வெளியிட்ட ரயில்களால் பரவலான அளவு இது. அவற்றின் உருவளவு 1:22.5. ஒரு மீட்டரை இருபத்திரண்டரையால் வகுத்தால் 44.4 மில்லிமீட்டர் வரும். அதாவது 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் மீது, 2007-இல் அகலப்பாதை வரும்வரை எங்கள் ஊர்க்காரர்கள் பயணம் செய்த, ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ் பாதையின் ஏறத்தாழச் சரியான சிற்றுரு அது. பாலத்தின் தூண்களுக்கு இடையே பாதையைத் தாங்கும் 12.2 மீட்டர் இரும்பு உத்தரம் (கர்டர்) ஒன்று இந்த அளவில் 54 சென்டிமீட்டர் ஆகிறது. முழுப் பாலத்தையும் வைக்கத் தொண்ணூறு மீட்டருக்கு மேல் இடம் வேண்டும் என்பதால், எட்டுக் கர்டர்களையும் நடுவே திறந்து மூடும் ஷெர்சர் தூக்குப் பாலத்தையும் மட்டும் பெரியவர் தம் கையாலேயே செய்து வைத்திருக்கிறார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆறு பேரும் தண்டவாளத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கத் தொடங்கினோம். பெரியவர் நாற்காலியில் இருந்தபடியே, "கம்பியை அப்புறம் துடைக்கலாம் தம்பி, முதல்ல கல்லைப் பாருங்க" என்றார். பராமரிப்பின் வரிசையே அந்தச் சொல்லில் அடங்கியிருந்தது என்பதைப் பிறகு உணர்ந்தோம். எங்கள் நிலம் கடல்மணல். ஆடி மாதத்துக் கச்சான் காற்று ஒரே இரவில் பாதையின் ஒரு பக்கத்தை மூடிவிடும், ஐப்பசி மழை மறுபக்கத்தை அரித்துவிடும். ஆகவே மணல் மீது நேரடியாகப் பாதை போடாமல், ஒரு சாண் அகலத்திற்குக் கான்கிரீட் பட்டையிட்டு, மழைநீர் குறுக்கே போக நான்கு அங்குல பி.வி.சி. குழாய்களைப் புதைத்து, அதன் மேல் கருங்கல் சிப்ஸ் பரப்பியிருக்கிறார். உருண்டைக் கூழாங்கல் ஒன்றோடொன்று கவ்வாமல் நழுவிவிடும். உடைத்த கல்லின் கூர்முனைகளே ஸ்லீப்பர்களை, அதாவது தண்டவாளத்தின் கீழே குறுக்காகக் கிடக்கும் கட்டைகளை, அசையாமல் பிடித்து வைக்கும். கரையில் ஒதுங்கும் பவளத் துண்டுகள் வெள்ளையாக அழகாக இருக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அதை எடுக்கவே கூடாது.

ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு மார்கழியில், தண்டவாள இணைப்புகள் தளர்ந்திருப்பதாக எண்ணி, இடைவெளியே இல்லாமல் எல்லாவற்றையும் நெருக்கி முடுக்கிவிட்டோம். பித்தளை வெப்பத்தில் நன்றாக நீளக்கூடியது: பத்து மீட்டர் நீளம் 35 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட ஏழு மில்லிமீட்டர் வளரும். அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் தெற்கு வளைவில் பாதை பக்கவாட்டில் கோணிக்கொண்டு, எஞ்சின் கவிழ்ந்து அதன் புகைப்போக்கி முறிந்தது. இப்போது பெரிய இணைப்பு வேலைகளையெல்லாம் கோடை வெயிலில்தான் செய்கிறோம். தண்டவாளம் முழுதும் நீண்டிருக்கும் நேரத்தில் முடுக்கினால், அதன் பின் அது சுருங்கத்தானே செய்யும்? மழைக்காலத்தில் தெரியும் சிறு இடைவெளிகளால் சக்கரத்திற்குத் தொல்லை இல்லை.

உப்புக்காற்றுதான் தீராத பகை. புதிய பாம்பன் பாலத்திலேயே துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளையும் சிறப்பு வண்ணப்பூச்சையும் பயன்படுத்த வேண்டியிருந்தது என்றால், விரல் தடிமன் பித்தளைக்கு இங்கே என்ன கதி என்று எண்ணிப் பாருங்கள். தண்டவாளத்தின் வழியே மின்சாரம் பாய்ச்சி ஓட்டிய காலத்தில், வாரம் இருமுறை பச்சைக் களிம்பைத் துடைத்தும் வண்டி நின்று நின்று போனது. எஞ்சினுக்குள் பேட்டரியும் கையில் ரேடியோ கட்டுப்பாடும் என்று மாற்றியது எங்கள் முடிவுகளில் மிகச் சிறந்தது. தன்னார்வலர்களின் உழைப்பில் பாதி அதனால் மிச்சமானது. கடலோரத்தில் இருப்பவர் எவருக்கும் இதையே உறுதியாகப் பரிந்துரைப்பேன். மற்றபடி ஸ்டெயின்லெஸ் திருகுகள் மட்டும் போடுங்கள். கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் கழுவுவதற்கு மழைநீரைச் சேமித்து வையுங்கள்.

செடிகளில் அதிகம் போராட வேண்டியதில்லை. அறுகும் கோரையும் கல்லுக்குள் வேர்விடுமுன் கையால் பிடுங்க வேண்டும். களைக்கொல்லி தெளிப்பதை நாங்கள் ஏற்பதில்லை. அடம்பன் கொடியைப் பாதையில் ஏறவிடாமல் வெட்டுகிறோம், ஆனால் கடல் பக்க வேலியோரம் விட்டு வைத்திருக்கிறோம், ஏனெனில் பறந்து வரும் மணலை அதைப்போல் பிடித்து நிறுத்துவது வேறில்லை. தொட்டியில் கவாத்து செய்து வளர்க்கும் உடைமரக் கன்று ஒரு முழத்திற்குள்ளேயே குடைபோல் விரிந்து, ரயில் ஜன்னலில் பார்த்த அதே மரமாக நிற்கும்போது மனம் நிறைந்துவிடுகிறது.

இனி ஆட்களைப் பற்றி. எல்லோரும் எல்லாம் செய்யும் ஏற்பாடு இரண்டு மாதத்தில் எங்களிடம் சிதைந்தது. ஒருவர் பார்த்திருப்பார் என்று மற்றவர் விட்டுவிடுவார். கீமேனுக்குப் பாதையில் தனக்கென ஒரு பகுதி இருப்பதுபோல, ஆளுக்குப் பத்து மீட்டர் என்று பெரியவர் பிரித்துக் கொடுத்தார். அவரவர் பகுதியை ரசமட்டம் வைத்தும், 45 மில்லிமீட்டருக்கு வெட்டிய பித்தளைத் துண்டை நகர்த்தியும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறுமுன் எட்டரைக்கு முடித்துக்கொள்வோம். எங்களில் இருவர் விசைப்படகுக்குப் போகிறவர்கள். உப்பில் இரும்பு படும் பாட்டை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்கள் முழுநேரமும் கரையில் இருப்பதால், கல் மாற்றுவது, வளைவை எடுத்துப் போடுவது போன்ற கனமான வேலைகளை அந்த நாட்களுக்கு ஒதுக்குகிறோம்.

வேலை முடிந்ததும் உடனே வண்டியை எடுப்பதில்லை. ஆறு பேரில் ஒருவர், தம் பகுதியல்லாத மற்ற ஐந்து பகுதிகளையும் நடந்து பார்த்து நோட்டில் கையெழுத்திடுவார். அதைப் பெரியவர் கண்ணாடி போட்டுப் படித்து, பச்சைக் கொடியை அசைத்த பிறகே எஞ்சின் நகரும்.