நிறுத்திய காரில் பேட்டரி இறங்குவது ஏன்? – கேள்வி பதில்

தருமபுரியில் கார் வயரிங் வேலை பார்க்கிறேன். நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி தானாக இறங்கும் பிரச்சினை பற்றிக் கேளுங்கள். இன்ஜின், கியர் விஷயங்களை உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பாலக்கோடு: அண்ணா, டீசல் கார். இரண்டு நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுப்பதில்லை. ஒரே வருஷத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். மூன்றாவது வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். மூன்றாவதும் அதே கதிக்குத்தான் போகும்.

பூட்டி நிறுத்திய காரிலும் கடிகாரம், அலாரம், இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவகம் இதற்கெல்லாம் கொஞ்சம் கரன்ட் போகும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை சகஜம். 50 என்றாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர்தான் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு), 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரி அதைத் தாங்கும். அதுவே 1 ஆம்பியர் போனால் ஒரு நாளைக்கு 24. இரண்டே நாளில் முக்கால்வாசிக்கு மேல் காலி.

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் விட்டு அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் அடுத்த வேலை.

பானட்டைத் திறந்து வையுங்கள். டிரைவர் கதவையும் திறந்து, அதன் லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி, கதவு மூடியது போல வண்டியை நம்ப வையுங்கள். சாவியை வண்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து இணையுங்கள். இந்த நிலையில் செல்ஃப் அடிக்கக் கூடாது, ஹெட்லைட் போடக் கூடாது. மீட்டர் போய்விடும்.

அப்புறம் அவசரப்படாமல் முக்கால் மணி நேரம் காத்திருங்கள். இப்போதைய வண்டிகளில் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத்தான் தூங்கப் போகும். உடனே பார்த்து "ஐயோ, 2 ஆம்பியர்" என்று பதறுகிறவர்கள் நிறைய. அடங்கிய பிறகும் எண் பெரிதாக இருந்தால் ஃப்யூஸ் பக்கம் போங்கள்.

ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது பழைய வழி. பிடுங்கிச் சொருகும்போது தூங்கிய கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு கணக்கைக் குழப்பும். பிடுங்காமலே ஃப்யூஸின் தலையில் தெரியும் இரண்டு புள்ளிகளில் மீட்டர் முனைகளை வைத்து மில்லிவோல்ட் பாருங்கள். கரன்ட் போகாத ஃப்யூஸில் பூஜ்யம் வரும். சில மில்லிவோல்ட் காட்டுகிற ஃப்யூஸ்தான் உங்கள் ஆள். அந்த லைனில் என்னென்ன இருக்கிறது என்று மூடியின் உள்பக்கம் போட்டிருப்பார்கள்.

ஓசூர்: டேஷ்கேம் (காரின் முன்கண்ணாடியில் மாட்டும் கேமரா) வண்டி நின்ற பிறகும் பார்க்கிங் மோடில் ஓடுகிறது. அது காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கும். வோல்ட் குறைந்தால் தானே நிற்கும் கட்-ஆஃப் உள்ள வயரிங் கிட் போட்டு, 12.2க்குக் கீழே இறங்க விடாதீர்கள். வண்டி நாள் கணக்கில் நிற்கும் என்றால் கேமராவையே நிறுத்திவிடுங்கள்.

கிருஷ்ணகிரி: வெளிக்கடையில் மியூசிக் சிஸ்டம் மாற்றினேன். அன்றிலிருந்து பேட்டரி இறங்குகிறது.

பதில்: நான் பார்க்கிற வண்டிகளில் அடிக்கடி மாட்டுவது இதுதான். செட்டுக்குப் பின்னால் மஞ்சள் வயர் நேரே பேட்டரிக்கு, நினைவகத்துக்காக. சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் கரன்ட் வருகிற லைனுக்கு. அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக முறுக்கி விட்டிருப்பார்கள். திரை அணைந்திருந்தாலும் உள்ளே செட்டும் ஆம்பிளிஃபயரும் விழித்தேதான் இருக்கும். சிவப்பைப் பிரித்துச் சாவி லைனில் கொடுக்கச் சொல்லுங்கள். இன்சுலேஷன் டேப்பை நம்பாமல் சாலிடர் வைத்து ஸ்லீவ் போடச் சொல்லுங்கள்.

பாலக்கோடு: அண்ணா, அளந்துவிட்டேன். அடங்கிய பிறகும் 0.9 ஆம்பியர். எந்த ஃப்யூஸிலும் மில்லிவோல்ட் வரவில்லை.

பதில்: அருமையாக அளந்திருக்கிறீர்கள். ஆல்டர்னேட்டரைச் சந்தேகப்படுங்கள் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது அதுதான், பலர் டைனமோ என்பார்கள்). அதன் தடித்த வயர் சின்ன ஃப்யூஸ்கள் வழியாகப் போவதில்லை. உள்ளே டயோடுகளோ ரெகுலேட்டரோ கெட்டால் இரவு முழுக்கக் கரன்ட் அதன் வழியாக இறங்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகு மட்டும் அந்தத் தடித்த வயரை ஆல்டர்னேட்டரிலிருந்து எடுத்து, முனையை டேப் சுற்றி, மறுபடி மீட்டர் வையுங்கள். 0.9 காணாமல் போனால் திருடன் அதுதான்.

பென்னாகரம்: எங்கள் மெக்கானிக் இன்ஜின் ஓடும்போதே டெர்மினலைக் கழற்றிப் பார்த்தார். வண்டி நிற்கவில்லை, டைனமோ நல்லா இருக்கு என்கிறார்.

பதில்: தயவுசெய்து இனி யாரையும் இதைச் செய்ய விடாதீர்கள். ஆல்டர்னேட்டர் பேட்டரியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால், வோல்ட் ஒரு நொடிக்குள் எகிறிவிடும். தடுப்பு இல்லாத 12 வோல்ட் வண்டியில் அது 80, 100 வரை போகும். கம்ப்யூட்டர் போனால் செலவு பேட்டரி விலையோடு நிற்காது.

கிருஷ்ணகிரி, பட்டறைக்காரர்: தம்பி, அம்பாசடர் காலத்திலிருந்து இப்படித்தான் பார்க்கிறோம். இப்போதைய ஆல்டர்னேட்டரில் தடுப்பு டயோடும் வைத்துத்தான் வருகிறது. சும்மா பயமுறுத்தாதீங்க.

பதில்: ஐயா, உங்கள் அனுபவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. பழைய அம்பாசடரில் பாயிண்ட், காயில்தான், கம்ப்யூட்டர் கிடையாது. எகிறினாலும் பல்பு போகும், அவ்வளவுதான். தடுப்பு டயோடு வருவதும் உண்மைதான். ஆனால் அது ஓட்டத்தில் டெர்மினல் கழன்றால் காப்பாற்ற வைத்தது. அதுவும் 35 வோல்ட் பக்கம்தான் பிடித்து நிறுத்தும். தினம் பட்டறையில் அதை வம்புக்கு இழுக்கலாமா?

அதைவிட முக்கியம், இந்தச் சோதனை பொய் சொல்லும். ஒரு டயோடு போன ஆல்டர்னேட்டரும் வண்டியை ஓட வைக்கும். "நல்லா இருக்கு" என்று அனுப்பிவிடுவீர்கள், பேட்டரி மறுபடி இறங்கும்.

கிருஷ்ணகிரி, பட்டறைக்காரர்: மீட்டர் இல்லாதவன் என்ன செய்வான்?

பதில்: இன்ஜினை அணைத்துவிட்டு, உங்களைப் போன்ற பழைய பட்டறைக்காரர்கள் செய்யும் பல்பு சோதனைதான் ஐயா: நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே 12 வோல்ட், 5 வாட் பல்பு. பளிச்சென்று எரிந்தால் பெரிய லீக். மங்கலாக எரிந்தாலும் பார்க்க வேண்டியதுதான். அது அருமையான பழக்கம், அதை விடாதீர்கள். ஓடும் இன்ஜினில் டெர்மினலை மட்டும் தொடாதீர்கள்.

பர்கூர்: பெரியவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே. இத்தனை வருஷம் செய்தும் ஒன்றும் ஆகவில்லை என்கிறாரே?

பதில்: கெட்ட கம்ப்யூட்டர் பெரும்பாலும் வேறு பட்டறைக்குத்தான் போகும். இவர் கண்ணில் படாது.

அரூர்: சார், எந்த பேட்டரி நல்லது?

பதில்: இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பாலக்கோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். அளக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

காவேரிப்பட்டணம்: ஒரு மாதம் வெளியூர் போகிறேன்.

பதில்: நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். ரேடியோவுக்கு ரகசிய எண் கேட்கும் வண்டியானால் முதலில் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தேன்கனிக்கோட்டை: குளிர்காலக் காலையில் மட்டும் செல்ஃப் இழுத்து இழுத்து எடுக்கிறது. ஒரு வாரம் நிறுத்தினாலும் அவ்வளவுதான், மோசமாவதில்லை.

பதில்: நிற்க நிற்க மோசமாகவில்லை என்றால் இது லீக் இல்லை. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவே அரை வோல்ட் காட்டினால் எர்த் கேபிள் சரியில்லை. அதெல்லாம் நன்றாக இருந்து, அடிக்கும்போது பேட்டரி 9.6க்குக் கீழே விழுந்தால், அப்போது பேட்டரியை மாற்றுங்கள்.

ஊத்தங்கரை: நீங்கள் சொன்னபடி மீட்டர் வைத்தேன். 0.00 காட்டுகிறது. வண்டியில் லீக்கே இல்லையா?

பதில்: 0.00 வர வாய்ப்பில்லை, கடிகாரத்துக்காவது கொஞ்சம் போயாக வேண்டும். சிவப்பு வயரை மில்லி ஆம்பியர் துளையில் வைத்திருப்பீர்கள். மீட்டருக்குள் இருக்கும் சின்ன ஃப்யூஸ் போயிருக்கும். அதை மாற்றி, 10 ஆம்பியர் துளையில் வைத்து, முக்கால் மணி நேரம் கழித்து வரும் எண்ணைச் சொல்லுங்கள்.