பல்கலைக்கழகம் தரும் இலவச இடத்தில் சொந்தப் பக்கம் வைக்கலாமா?

ஆய்வு மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பல்கலைக்கழகமே இலவசமாக இடம் தருகிறது. என் இணையப் பக்கத்தை அங்கேயே வைக்கலாமா, இல்லை காசு கொடுத்துத் தனி டொமைன் (சொந்த இணைய முகவரிப் பெயர்) வாங்கணுமா?"

துறை சர்வரைப் பல வருடம் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். இடத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் ஊருக்குச் சொல்லும் முகவரி உங்களுடையதாக இருக்கட்டும்.

அந்த இடத்தைக் குறைவாக நினைக்க வேண்டாம். விளம்பரம் கிடையாது. பல்கலைக்கழகப் பெயரோடு வரும் முகவரி என்பதால், நீங்கள் நிஜமாகவே அங்கே இருப்பவர் என்று படிப்பவர் நம்புவார். கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத்தின் பக்கம் இன்றைக்கும் ஸ்டான்ஃபோர்டு முகவரியில்தான் இருக்கிறது. அலங்காரமே இல்லாத பக்கம். உலகமே போய்ப் படிக்கிறது.

பல இடங்களில் ஏற்பாடு இப்படித்தான் இருக்கும்: சர்வரில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் பப்ளிக்-எச்டிஎம்எல் (public_html) என்று ஒரு ஃபோல்டர். அதில் போடுவதெல்லாம், ~ குறியும் உங்கள் யூசர்நேமும் சேர்ந்த முகவரியில் தெரியும். முதல் நாள் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது பர்மிஷனில், அதாவது ஃபைலை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்ற அனுமதியில். ஃபைலை ஏற்றியிருப்பார்கள், பிரவுசரில் 403 (பார்க்க அனுமதியில்லை) என்று வரும். அனுமதியை எண்ணால் குறிப்பார்கள்: ஹோம் ஃபோல்டருக்கு 711, பப்ளிக்-எச்டிஎம்எல்லுக்கு 755, ஃபைல்களுக்கு 644 கொடுத்தால் அநேகமாகச் சரியாகிவிடும். சிலர் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 777 (எல்லாருக்கும் முழு அனுமதி) கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்; அதே சர்வரில் கணக்கு உள்ள யாரும் உங்கள் ஃபைலில் கைவைக்கலாம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. ஒரே டொமைனுக்குக் கீழே ~ போட்டு வரும் பக்கங்கள் எல்லாவற்றையும் பிரவுசர் ஒரே தளமாகத்தான் பார்க்கும். பக்கத்துக் கணக்குக்காரர் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் உங்கள் பக்கத்தின் குக்கியை (லாகின் போன்ற விவரங்களுக்காகப் பிரவுசரில் வைக்கப்படும் சிறு குறிப்பை) படிக்க வழி உண்டு. அதனால் லாகின் வைக்கிற எதையும் அங்கே கட்டாதீர்கள். கட்டுரைகள், பாடக்குறிப்புகள், உங்களைப் பற்றி நாலு வரி என்று சாதாரண எச்டிஎம்எல் போதும். பாடம் நடத்துபவராக இருந்தால் மதிப்பெண் பட்டியலை அங்கே ஏற்றவே கூடாது. தேடுபொறி எடுத்துக்கொண்ட பிறகு திரும்பப் பெறுவது பெரும்பாடு.

இனி முகவரிக்கு வருகிறேன். படிப்பு முடிந்தாலோ வேலை மாறினாலோ பொதுவாகக் கணக்கை மூடிவிடுவார்கள். கூடவே பக்கமும் போகும். ஆனால் நீங்கள் வெளியிட்ட கட்டுரையின் அடிக்குறிப்பில் "தரவு இங்கே கிடைக்கும்" என்று அந்த முகவரிதான் அச்சாகியிருக்கும். தேடி வருபவருக்கு 404 (பக்கம் இல்லை) மட்டுமே மிஞ்சும். யாகூ 1994-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவர் பல்கலைக்கழகக் கணினியில் வைத்திருந்த பட்டியலாகத்தான் தொடங்கியது. கூகுளும் முதலில் ஸ்டான்ஃபோர்டு முகவரியில்தான் இருந்தது. இரண்டுமே பிறகு சொந்தப் பெயருக்கு மாறிக்கொண்டன.

அதனால் ஒரு டொமைன் வாங்கி, அதை இப்போதைக்குப் பல்கலைக்கழகப் பக்கத்துக்கு ஃபார்வர்டு பண்ணி வையுங்கள். கட்டுரையிலும் மின்னஞ்சல் கையெழுத்திலும் டொமைனையே கொடுங்கள். இடம் மாறும்போது ஃபார்வர்டை மட்டும் மாற்றினால் போதும். ஒன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள்: முகப்புப் பக்கம் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் பிடிஎஃப் முகவரியும் சரியாகப் போய்ச் சேர வேண்டும். சில ஃபார்வர்டு சேவைகள் எதைக் கேட்டாலும் முகப்பிலேயே கொண்டுபோய் விட்டுவிடும்.

பழைய முகவரி ஏற்கெனவே பரவிவிட்டதென்றால், கணக்கு மூடும் முன்பே சர்வர் நிர்வாகியிடம் 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) கேளுங்கள். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் அது ஒற்றை வரி. இதைக் கேட்காமலே செய்து கொடுப்பது பல்கலைக்கழகங்களின் கடமை என்பது என் உறுதியான கருத்து. ஓர் ஆசிரியர் ஆண்டாண்டாகச் சேர்த்த பாடக்குறிப்புகளைக் கணக்கோடு சேர்த்து அழிப்பது, நூலகத்தில் அவர் எழுதிய புத்தகங்களை எடுத்து எரிப்பதற்குச் சமம். நிர்வாகி மாட்டேன் என்று சொல்லிவிட்டால், கிளம்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும், இணையப் பக்கங்களின் பிரதிகளைப் பாதுகாக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் சேமியுங்கள். பிடிஎஃப்களைத் தனித்தனியாகக் கொடுங்கள். முகப்பைச் சேமித்தால் அவையும் கூடவே வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.